மெக்சிக்கோ இலைச் சிகார்: குறைந்த காசில் எதைப் புகைத்துப் பார்ப்பது?

வெளிநாட்டில் இருந்து விடுமுறைக்கு வருகிற மச்சான் "உனக்கு என்ன கொண்டுவர?" என்று கேட்டால், சுருட்டுப் பழக்கம் உள்ள ஆட்கள் முன்பு கியூபா என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். இப்போது அப்படிக் கேட்க வாய் வராது. 2022இல் கோஹிபா, திரினிடாட் போன்ற கியூபாச் சிகார்களின் விலையை உலகம் முழுக்க ஒரே மட்டத்துக்கு ஏற்றிவிட்டார்கள். ஒரு பெட்டியின் விலையைக் கேட்டால் வீட்டுக்குக் கூரை மாற்றலாம் என்று தோன்றும். அதனால் பார்வை நிக்கராகுவா, ஹொண்டுராஸ், டொமினிக்கன் குடியரசு என்று திரும்புகிறது. அங்கே செய்கிற நடுத்தர விலைச் சிகார்களின் விவரத்தைப் படித்தால் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வரும்: மெக்சிக்கோவின் சான் அந்திரேஸ் இலை.

சரி, மெக்சிக்கோ இலை கலந்ததை வாங்கலாம் என்று முடிவெடுத்தால் பிரச்சினை முடிந்துவிடாது, அங்கேதான் தொடங்குகிறது. ஒரே இலையை நாலு விதமாகப் போட்டு விற்கிறார்கள், ஒன்றுக்கும் மற்றதுக்கும் சம்பந்தமே இல்லாத சுவை. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு, கடையில் போய் ஒன்றை எடுத்து மணந்து பார்க்க வழியில்லாமல், ஆளைப் பிடித்துச் சொல்லி அனுப்பித்தான் எடுப்பிக்க வேண்டும். எனவே எதைச் சொல்லி அனுப்புவது என்பதில் கொஞ்சம் மினக்கெடுவது நல்லது.

முதலில் அந்த இலை. மெக்சிக்கோவின் வெராகுரூஸ் மாநிலத்தின் தென்கிழக்கே, வளைகுடாக் கரையோரமாக எரிமலைக் குன்றுகள் இருக்கின்றன. அங்கேயுள்ள சான் மார்த்தின் எரிமலை 1793இல் பெரிதாக வெடித்தது. சான் அந்திரேஸ் துக்ஸ்லா என்ற ஊரும், பக்கத்தில் கத்தேமாக்கோ ஏரியும், சுற்றிவர எரிமலைச் சாம்பல் கலந்த கறுத்த மண்ணும். அந்த மண்ணில் விளைகிற உள்ளூர் இனத்துக்குச் சான் அந்திரேஸ் நேக்ரோ என்று பெயர். இலை தடிப்பு, நரம்பு முரடு, எண்ணெய்ப் பிடிப்பு அதிகம். மெல்லிய இலையை நீண்ட காலம் குவித்துப் புழுங்க வைத்தால் கிழிந்து நைந்துவிடும். இது தாங்கும். அதனால்தான் மதுரோ என்று சொல்கிற கறுத்த மேலிலைக்கு இது பேர்போனது. அதே பள்ளத்தாக்கில் சுமாத்திரா இன விதையும் போடுகிறார்கள், அது வேறு சாதி, நிறமும் வெளிறல்.

இவ்வளவு நல்ல இலை ஏன் நெடுநாள் மதிப்பில்லாமல் கிடந்தது என்றால், மெக்சிக்கோவின் இறக்குமதிக் கட்டுப்பாடு ஒரு காரணம். 1990களின் நடுப்பகுதி வரை அங்கே சிகார் செய்கிறவர்கள் வெளிநாட்டு இலையைக் கொண்டுவந்து கலக்க முடியாது. உள்ளிலை, மேலிலை எல்லாமே உள்ளூர்ச் சரக்காகத்தான் இருக்க வேண்டும். தே-அமோ என்ற பழைய மெக்சிக்கோப் பெயர் அப்படி வளர்ந்ததுதான். அதைச் செய்கிற துரெந்த் குடும்பம் 1880இல் இருந்து அந்தப் பள்ளத்தாக்கில் புகையிலை போடுகிறது. ஒரே மண்ணின் இலையை மட்டும் வைத்துக்கொண்டு செய்ததில் முரட்டுத்தனம் தெரிந்தது, ஆட்களும் "மெக்சிக்கோச் சரக்கா?" என்று முகம் சுளித்தார்கள். பிறகு நிக்கராகுவாக்காரர்கள் அந்த மேலிலையை வாங்கித் தங்கள் உள்ளிலையின் மேல் சுற்றத் தொடங்கியதும் கதை மாறியது.

இது நம்முடைய ஆட்களுக்குப் புதிய விசயமும் இல்லை. ஒரே தோட்டத்துப் போயிலையில் எது தின்கிற புகையிலைக்கு, எது சுருட்டுக்கு என்று பிரிக்கத் தெரிந்த ஊர் இது. தின்கிற புகையிலையைக் குடிலில் பொச்சு மட்டை போட்டுப் புகையூட்டித் திருவிதாங்கூருக்கு அனுப்பினார்கள். அந்த வியாபாரத்துக்கென்றே 1934இல் மலையாளப் புகையிலைக் கூட்டுறவு விற்பனைச் சங்கம் ஒன்று இங்கே உருவானது. சுருட்டு மறுபக்கம் தெற்கே போனது. காலி, மாத்தறை என்று சிங்கள ஊர்களில் யாழ்ப்பாணத்து ஆட்கள் சுருட்டுக் கடை போட்டுப் பிழைத்த காலம் ஒன்று இருந்தது. ஆக, இலை எந்த ஊரில் விளைந்தது என்பதோடு, எந்த வேலைக்கு வைக்கப்பட்டது என்பதையும் கேட்க வேண்டும் என்று சொன்னால் இங்கே யாரும் தலையைச் சொறிய மாட்டார்கள்.

சிகாரிலும் அதே கேள்விதான். மூன்று பகுதி உண்டு. நடுவில் நீளவாக்கில் மடித்து வைக்கிற உள்ளிலை. அதைச் சுற்றிப் பிடித்து உருவம் கொடுக்கிற இடையிலை. வெளியே பார்வைக்குத் தெரிகிற மேலிலை. உறைப்பும் தலைச்சுற்றலும் பெரும்பாலும் உள்ளிலையில் இருந்து வருகின்றன, அதிலும் செடியின் மேல்பக்கத்து இலையில் இருந்து. மேலிலை எடையில் கொஞ்சம்தான், ஆனால் உதட்டிலும் நாக்கிலும் முதலில் படுவது அதுதான், சுவையில் அதன் பங்கு பெரிது. இதை மனதில் வைத்துக்கொண்டு விவரத்தை வாசித்தால், "மெக்சிக்கோ இலை கலந்தது" என்ற ஒரே வரி எத்தனை வேறு பொருளை மறைக்கிறது என்று தெரியும்.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முழுக்க மெக்சிக்கோ இலையாலான தே-அமோ வரிசை விலையில் மலிவு. மூன்று பகுதியும் சான் அந்திரேஸ் மண் என்பதால், அந்த இலை தனியே என்ன சொல்கிறது என்று அறிய நேர்வழி இதுதான் என்று தோன்றும். எனக்கு அப்படிப் படவில்லை. மண்வாசம், மிளகு, வாய்க்குள் ஒரு வறட்சி, அதற்கு மேல் இடம் மாறாது. முதல் இழுப்பில் இருந்ததுதான் கடைசி வரைக்கும். நம்மூர்ச் சுருட்டுப் பத்திப் பழகினவருக்கு இது பிடிக்கலாம், பழக்கமான முரடு. ஆனால் மச்சானிடம் ஒருமுறைதான் கேட்கப் போகிறோம் என்றால் அந்த ஒரு முறையை இதற்குச் செலவழிக்க மாட்டேன். இப்போது தே-அமோ பெயரில் வேறு நாட்டு இலை கலந்த வரிசைகளும் வருகின்றன, பெயரை மட்டும் சொல்லி அனுப்பினால் எது வந்து சேரும் என்பது கடைக்காரரைப் பொறுத்தது.

அடுத்தது, மெக்சிக்கோ இலை இடையிலையாக இருக்கிறவை. இதில் பெரிய பெயர் மக்கனூடோ. டொமினிக்கன் குடியரசில் செய்வது, மேலே வெளிர் நிறக் கனெற்றிக்கட் இலை, இடையிலை சான் அந்திரேஸ், உள்ளே டொமினிக்கன் இலையோடு கொஞ்சம் மெக்சிக்கோவும். டொமினிக்கனில் செய்கிற பர்த்தகாஸிலும் இடையிலை இதுவே, மேலே கமரூன் இலை. விமான நிலையக் கடைகளில் சுலபமாகக் கிடைப்பவை. மக்கனூடோவில் மெக்சிக்கோ இலையின் வேலை சொதிக்குப் போட்ட வெந்தயத்தின் வேலைதான்: இருப்பது தனியே தெரியாது, இல்லாவிட்டால் குறை தெரியும். சாந்தமான புகை, பாலும் மரமும் கலந்த வாசம், தலை சுற்றாது. இதைப் பத்திவிட்டு "மெக்சிக்கோ இலை இவ்வளவுதானா?" என்று யாராவது கேட்டால் அது அந்த இலைக்குச் செய்கிற அநியாயம். சிகாரே இதுவரை தொடாதவருக்குக் கொடுக்க நல்லது, மெக்சிக்கோவைத் தேடுகிறவருக்கு அல்ல. பர்த்தகாஸ் ஒரு படி கனம், அவ்வளவுதான் வித்தியாசம்.

மூன்றாவது, மெக்சிக்கோ இலை மேலிலையாக வருகிறவை. நான் நிற்கிற பக்கம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நிக்கராகுவாவின் எஸ்தெலி நகரத்தில் டிரூ எஸ்டேட் என்ற தொழிற்சாலை இருக்கிறது. அங்கே லிகா பிரிவாடா என்று விலை கூடின சிகார் ஒன்று செய்கிறார்கள். சுருட்டுகிற ஆட்கள் அதையே எடுத்துப் பத்தத் தொடங்க, விற்பதற்குச் சரக்குக் காணாது என்று நிர்வாகம் தடுத்ததாம். அவர்கள் தாங்கள் பத்துவதற்கு வேறு இலைகளை வைத்து ஒரு கலவை செய்தார்கள். மேலே சான் அந்திரேஸ் மதுரோ, இடையில் கனெற்றிக்கட் ஆற்றுப் பள்ளத்தாக்கு இலை, உள்ளே நிக்கராகுவாவும் பிரேசிலும். அது நன்றாக இருக்கவே 2011இல் அண்டர்கிரௌன் என்று பெயர் வைத்து விற்பனைக்கு விட்டார்கள். விற்பனைக்காரர் கதைதான், கொஞ்சம் மினுக்கியிருப்பார்கள். ஆனாலும் சுருட்டுக் கொட்டிலைப் பார்த்து வளர்ந்த ஊருக்கு இந்தக் கதையில் நம்ப முடியாதது ஒன்றும் இல்லை. சுருட்டுகிறவன் கைக்கு எட்டின நல்லதைத்தான் பத்துவான். ஒருவர் பேப்பரை உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுருட்டின கொட்டில்கள் இங்கே இருந்ததைப் பழைய ஆட்கள் சொல்வார்கள். கியூபாவில் அதற்கென்று சம்பளத்துக்கே ஆள் வைத்திருந்தார்கள், 1865இல் தொடங்கின வழக்கம்.

அண்டர்கிரௌன் மதுரோவைக் கையில் எடுத்தால் மேலிலை வழவழப்பாக இருக்காது. விரலை ஓட்டினால் மெல்லிய சொரசொரப்பு, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் ஊசிமுனை அளவான பொட்டுகள். எண்ணெய் அடங்கிக் கிடக்கிற இடங்கள் அவை. நரம்பும் தெரியும். பற்ற வைக்கும் முன் வாயில் வைத்து வெறுங்காற்றை இழுத்துப் பார்த்தால் இனிப்புச் சேராத கொக்கோத் தூளின் வாசம். பற்றினதும் முதல் ஐந்து நிமிடம் மிளகு மூக்கில் ஏறும். அது அடங்கின பிறகுதான் இலை பேசத் தொடங்கும்: கடுங்கோப்பி, ஈரமண், அதற்குப் பின்னால் உதட்டில் லேசாகத் தங்குகிற ஓர் இனிப்பு. நம்முடைய சுருட்டுக்குப் போடுகிற கோடாவின் இனிப்பு வேறு, அது வெளியில் இருந்து பூசுவது, நாக்கில் பட்டவுடன் தெரியும். இது இலை புழுங்கிப் பதமானதில் வருவது, பாதிச் சிகார் போன பிறகுதான் கவனத்துக்கு வரும். வேகமாக இழுத்தால் இந்த இனிப்பு காணாமல் போய்க் கசப்பு மட்டும் மிஞ்சும். நிமிடத்துக்கு ஓர் இழுப்பு போதும்.

இதே வகையில் லா அரோமா டி கூபா மி அமோர் என்று இன்னொன்று, எஸ்தெலியில் கார்சியா குடும்பத்தின் தொழிற்சாலையில் செய்வது. மேலிலை மெக்சிக்கோவில் விளைந்த கியூபா இன விதை. அண்டர்கிரௌனை விடக் கொஞ்சம் காரம், சுவையும் இடைக்கிடை மாறும். விலை இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே மட்டம், அமெரிக்காவில் ஒன்று பத்து டொலரை ஒட்டி. ஒலிவா என்ற நிறுவனத்தின் மெலானியோ மதுரோவும் இதே மேலிலைதான், ஆனால் அது அடுத்த விலைத் தட்டு. இந்தக் கட்டுரையின் கணக்குக்குள் வராது.

கறுப்பு நிறத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு சொல். மேலிலை கறுப்பு என்பதற்காகச் சிகார் கடுமையாக இருக்க வேண்டும் என்றில்லை. நீண்ட காலம் புழுங்கினதில் இலையின் காரம் குறையும், நிறம் கூடும். தலையைச் சுற்ற வைப்பது உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான். சிவந்த நிறச் சிகார் ஒன்று, கறுத்ததை விட இரண்டு மடங்கு ஆளை அடித்துப் போடலாம்.

கடைசியாக, கட்டுச் சிகார். பெட்டி இல்லாமல் இருபது, இருபத்தைந்தாகப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி விற்பார்கள். ஒரு சிகார் இரண்டு, மூன்று டொலருக்குள்ளும் கிடைக்கும். உள்ளே முழு நீள இலையோடு வெட்டுத் துண்டுகளைக் கலந்திருப்பார்கள், அல்லது துண்டு மட்டுமே இருக்கும். மேலே "மெக்சிக்கோ மதுரோ" என்று எழுதியிருக்கும். எழுதியது பொய்யாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் கடைசித் தர மேலிலை அது. நிறம் ஏறாத இலையைக் கறுப்பாக்கச் சாயம் ஏற்றுகிறவர்களும் உண்டு. வெள்ளைக் கடதாசியை லேசாக நனைத்து மேலிலையில் தடவிப் பார்க்கலாம். கொஞ்சம் பழுப்பு ஒட்டுவது நல்ல இலையிலும் நடக்கும். கரி மாதிரி அப்பிக்கொண்டு வந்தால் யோசிக்க வேண்டும். துண்டு இலை சீக்கிரம் எரியும், சூடேறும், வாயில் தூள் வரும். மலிவு என்று ஒரு கட்டை எடுப்பித்துவிட்டு, மூன்றாவதோடு மனம் விட்டுப்போய் மிச்சத்தை ஆருக்கும் கொடுத்துத் தொலைக்கிற கதை நான் நன்றாக அறிந்த கதை. அந்தக் காசுக்கு நல்லது நாலு வாங்கியிருக்கலாம். தோட்டத்தில் வேலை செய்துகொண்டே ஒன்றைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்றால் நம்முடைய யாழ்ப்பாணச் சுருட்டே இதை விடத் திறம், விலையும் பக்கத்தில் வராது, எங்கே என்ன இலை என்று தெரிந்த சாமானும்கூட. 2020உடன் புகையிலைச் செய்கையையே நிறுத்தப் போவதாக அரசாங்கம் ஒருமுறை அறிவித்தது. அந்த ஆண்டும் போய்விட்டது, புகையிலையும் இருக்கிறது.

ஆக என் தெரிவு மேலிலை மெக்சிக்கோ, உள்ளிலை நிக்கராகுவா. மண்ணின் முரட்டை மேலே வைத்து உள்ளே ருசியான இலையால் தாங்கிப் பிடிக்கிற இந்தச் சேர்க்கையில்தான் சான் அந்திரேஸ் இலை என்னவென்று புரிகிறது. விலையைக் குறைக்க வேண்டுமானால் தரத்தில் குறைக்காமல் அளவில் குறைக்கலாம்.

அளவு என்பது இங்கே பெரிய விசயம். சிகாரின் பருமனை ஓர் அங்குலத்தின் 64இல் ஒரு பங்காகக் கணக்கிடுவார்கள். 5 அங்குல நீளமும் 50 பருமனும் கொண்டதை ரொபுஸ்டோ என்பார்கள், கிட்டத்தட்ட 2 சென்ரிமீற்றர் குறுக்களவு, பத்தி முடிக்க முக்கால் மணியில் இருந்து ஒரு மணி நேரம். கொரோனா என்பது 42 பருமன் அளவில், மெல்லியது. இப்போது 60 பருமன் என்று வாழைக்காய்த் தடிப்பில் விற்கிறவர்களும் இருக்கிறார்கள். மேலிலையின் சுவைக்காகத்தான் வாங்குகிறோம் என்றால் மெல்லியதே நல்லது: பருமன் குறையக் குறைய உள்ளிலையின் அளவு வேகமாகக் குறையும், மேலிலையின் பங்கு கூடும். காசும் குறையும். நம்மூர்ச் சுருட்டின் பருமனுக்குப் பழகின வாய்க்கும் அது சுகம். அதனால் கொரோனா அளவு கிடைத்தால் அது, இல்லாவிட்டால் ரொபுஸ்டோ. அதற்கு மேல் போக வேண்டாம்.

சின்ன அளவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பெரிய சிகார் ஒன்றில் 5 முதல் 20 கிராம் வரை புகையிலை இருக்கும். ஒரு பெட்டிச் சிகரெட்டில் உள்ள முழுப் புகையிலையும் 20 கிராமுக்குள்தான். புகையை உள்ளே இழுக்காமல் வாயோடு விட்டாலும் வாய்ப் புற்றுநோய், தொண்டைப் புற்றுநோய் ஆபத்து நீங்காது. "சிகார்தானே, சிகரெட் இல்லையே" என்று ஆறுதல் படுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். புகைப் பழக்கமே இல்லாத ஒருவர் இதைப் படித்துவிட்டுத் தொடங்குவாராக இருந்தால் தொடங்காமல் விடுவதுதான் என் விருப்பம். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது, மூடின பொது இடங்களில் புகைக்கவும் கூடாது. கல்யாண மண்டபத்துக்குள் மச்சான் ஒன்றைப் பற்ற வைத்தால் நீங்கள்தான் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

இனி, யாரிடம் சொல்லி அனுப்புவது. உறவு எந்த நாட்டில் இருக்கிறது என்பதைப் பொறுத்து விலை தலைகீழாக மாறும். லண்டன் மாமாவிடம் கேட்காதீர்கள். அங்கே சிகாருக்கு எடைக்கு வரி, கடுமையான வரி. ரொறன்ரோவும் அதே கதைதான். போதாததற்குக் கனடாவில் சிகாரில் சுற்றியிருக்கிற கடதாசி வளையம் எல்லாமே ஒரே மங்கல் பழுப்பு நிறத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம், பெயர் மட்டும் ஒரே மாதிரி எழுத்தில் அச்சாகியிருக்கும். அங்கிருந்து வந்த சிகாரின் வளையம் படத்தில் பார்த்தது மாதிரி இல்லையே, போலியோ என்று சிலர் சந்தேகப்படுகிறார்கள். பழுப்பு வளையம் போலிக்கு அடையாளம் இல்லை. அவுஸ்திரேலியாவிலும் இதே நிலைதான், விலையும் இன்னும் மோசம்.

ஜேர்மனியில் உறவு இருந்தால் அதிர்ஷ்டம். அங்கே சிகார் வரி குறைவு, விலையும் வரி முத்திரையிலேயே அச்சாகியிருக்கும். எந்தக் கடையில் வாங்கினாலும் அதே விலைதான், பேரம் பேசவும் தேவையில்லை, ஏமாறவும் இடமில்லை. சுவிஸிலும் பரவாயில்லை. இரண்டு நாட்டிலும் கடைக்காரர் ஒன்று, இரண்டு என்று தனியாகவும் தருவார். இதுதான் முக்கியம்: பெட்டியாக வாங்க வேண்டாம், இரண்டு வகையில் இரண்டிரண்டு போதும் என்று சொல்லுங்கள். முதலாவது நன்றாக இல்லை என்றால் அது அந்தச் சிகாரின் குறையா, அன்றைய வாயின் குறையா என்று பார்க்க இரண்டாவது வேண்டும். விமான நிலையக் கடையில் பெரும்பாலும் பெட்டியாகத்தான் வாங்க வைப்பார்கள், வகையும் குறைவு. கட்டுநாயக்காவில் சுங்கத்துக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லி, வரி கேட்டால் கட்டிவிட்டு வருவதுதான் மச்சானுக்கும் மரியாதை. அந்தச் செலவையும் நீங்கள் கொடுக்கப் பாருங்கள்.

சொல்லி அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் மூன்று விவரம் போதும். பெயர், அளவு, மேலிலை. "அண்டர்கிரௌன் மதுரோ, கொரோனா அளவு, இல்லையென்றால் மேலிலை சான் அந்திரேஸ் மதுரோவாக வேறு ஏதும் நிக்கராகுவாச் சிகார்" என்று எழுதினால் எந்தக் கடைக்காரருக்கும் விளங்கும். அண்டர்கிரௌனிலேயே வெளிர் நிற மேலிலை போட்ட வரிசையும் இருக்கிறது, ஆகவே மதுரோ என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது.

வந்து சேர்ந்தவுடன் பத்துகிற அவசரம் வேண்டாம். விமானத்தின் வறண்ட குளிரில் வந்த சிகார் ஒரு கிழமையாவது ஓய்வெடுக்க வேண்டும். பத்தும்போது வாய்ப்பக்கத்து மூடியை 2 மில்லிமீற்றர் அளவில் மட்டும் வெட்ட வேண்டும், ஆழமாக வெட்டினால் மேலிலை கழன்றுவிடும். நெருப்புப்பெட்டியால் பற்றுவதென்றால் குச்சியின் மருந்து எரிந்து முடியும்வரை பொறுத்துப் பிடியுங்கள். பக்கத்தில் பால் சேர்க்காத தேநீர், ஒரு துண்டு பனங்கட்டி. கள்ளும் சாராயமும் இந்த மேலிலையின் இனிப்பைக் கொன்றுவிடும். சாப்பிட்டு முடித்த பிறகு பத்துங்கள், வெறும் வயிற்றில் நிக்கராகுவா உள்ளிலை ஆளைக் கிறுக்கிவிடும்.

பத்திரப்படுத்துவதில்தான் யாழ்ப்பாணம் குழப்புகிறது. வெளிநாட்டுப் புத்திமதி எல்லாம் சிகார் காய்ந்துவிடாமல் பார்ப்பது எப்படி என்பது பற்றியது. சிகாருக்கு வேண்டிய ஈரப்பதன் 65 முதல் 70 சதவீதம். இங்கே காற்றிலேயே அதை விடக் கூட இருக்கிற நாட்கள்தான் அதிகம். மாரியில் வாடைக் காற்றோடு மழை பிடித்தால் அலுமாரிக்குள் இருக்கிற சட்டையே பூஞ்சணம் பிடிக்கும், சிகார் எம்மாத்திரம். தண்ணீரில் நனைத்த பஞ்சை வைப்பது, வெற்றிலைத் துண்டு வைப்பது எல்லாம் இங்கே சிகாருக்குச் செய்கிற கெடுதி. ரப்பர் விளிம்பு வைத்த, காற்றுப் புகாத சாப்பாட்டுப் பெட்டி ஒன்று, உள்ளே இருபக்கமும் வேலை செய்கிற ஈரப்பதப் பொட்டலம் ஒன்று. கூடின ஈரத்தை உறிஞ்சும், குறைந்தால் விடும். போவெடா என்ற பெயரில் வருவது, 65 என்று எழுதினது இந்த ஊருக்குப் பொருத்தம். சிகாரோடு சேர்த்து மச்சானிடமே கேட்டுவிடலாம், எடையும் இல்லை விலையும் இல்லை. மரப்பெட்டி, கண்ணாடி மூடி போட்ட பெட்டி என்று காசைக் கொட்டத் தேவையில்லை. பெட்டியைக் குசினியில் வைக்காதீர்கள், மீன் பொரித்த வாசம் இலைக்குள் போனால் திரும்பி வராது.

பூஞ்சணத்தை விடப் பெரிய எதிரி புகையிலை வண்டு. இலையிலேயே முட்டை இருக்கும், சூடு 25 பாகையைத் தாண்டி ஈரமும் சேர்ந்தால் பொரித்துவிடும். யாழ்ப்பாணத்தில் அந்தச் சூடு இல்லாத நாள் எது? அதனால் ஓய்வெடுக்க வைப்பதற்கு முன்பே சிகார்களைப் பிளாஸ்டிக் பையில் காற்றை வெளியேற்றி இறுக்கிப் பூட்டி, ஒரு நாள் பிரிட்ஜின் கீழ்த்தட்டில், பிறகு மூன்று நாள் பிரீசரில், மறுபடி ஒரு நாள் கீழ்த்தட்டில் வைத்து எடுக்க வேண்டும். நேரே பிரீசரில் இருந்து வெளியே எடுத்தால் மேலிலை வெடிக்கும், தடித்த சான் அந்திரேஸ் இலைக்கும் அது நடக்கும். இடையில் மின்சாரம் நின்றிருந்தால் பிரீசர் நாட்களை மறுபடி முதலில் இருந்து எண்ணுங்கள். பிறகும் பதினைந்து நாளைக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக உருட்டிப் பாருங்கள். மேலிலையில் குண்டூசி குத்தினது போல வட்டமாக ஓர் ஓட்டையும் பெட்டியின் அடியில் பழுப்புத் தூளும் கண்டால், அந்த ஒன்றை எறிந்துவிட்டு மிச்சம் அத்தனையையும் அன்றைக்கே திரும்பப் பிரீசருக்குள் போட்டுவிடுங்கள்.